எந்த ஸொனாட்டாவை எடுப்பது?

ஒரு வித்துவானின் திறமை மேடையிலே தெரியும் என்பர். அதிற் பெரும்பகுதி, மேடை ஏறுவதற்குப் பல நாள்களுக்கு முன்பே, எதை வாசிப்பது என்று அவர் தீர்மானிக்கும் வேளையிலேயே தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். முன்னேசுவரத்துத் திருவிழாவிலே நாதஸ்வரம் கேட்டுப் பழகிய நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சுவாமி புறப்படும்பொழுது மல்லாரி. வீதியிலே நின்று நிதானித்து இராக ஆலாபனை. இவ்வாறு இடமும் வேளையும் அறிந்து, தம் மூச்சின் அளவையும் அறிந்து, உடன் வாசிக்கும் தவிற்காரரின் கையையும் அறிந்து எடுப்பவரையே நாம் பெரிய வித்துவான் என்கிறோம்.

இவ்வாரம் இந்த எண்ணத்தைக் கிளப்பியது ஒரு கடிதம். முன்னர் என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருத்தி, உடப்புக்கு அண்மையிலுள்ள கரையோரக் கிராமத்தவள், இப்பொழுது கொழும்பிலே மேலைத்தேயச் சங்கீதம் பயில்கிறாள். அவளுடைய வாத்தியம் செலோ. வயலினின் மூத்த தமையன் போன்ற தோற்றமுடையது அது. வாசிப்பவர் நாற்காலியில் அமர்ந்து, அதனை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, அடியிலுள்ள முள்ளை நிலத்தில் ஊன்றிக்கொண்டு வில் போடுவார். நான்கு தந்திகள், ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ஸட்ஜ பஞ்சம உறவிலே சுருதி கூட்டப்படும். தடித்த தந்தியிலே ஆண் குரலின் ஆழமும், மெல்லிய தந்தியிலே பெண் குரலின் உருக்கமும் பிறக்கும்.

“ஐயா, மூன்று மாதத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் எனக்குக் கச்சேரி. ரக்மானினோஃபின் ஸொனாட்டாவை எடுக்க ஆசைப்படுகிறேன். அதை வாசித்துவிட்டால் என்னை ஒருவரும் குறைவாக எண்ணமாட்டார்கள். ஊரிலிருந்து அம்மம்மாவும் வருகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டிருந்தாள். நான்கு பக்கக் கடிதம் அது. கடைசிப் பக்கத்தின் அடியில், “பியானோவுக்கு என் தோழி இருக்கிறாள், அவள் வேலைக்குப் போகிறவள்” என்று ஒரேயொரு வரி இருந்தது.

நான் செலோவைக் கையாலே தொட்டவன் அல்லன். பல்லாண்டுகளாகக் கேட்டு வருபவன், அவ்வளவே. ஆயினும் அந்த ஒற்றை வரியே என் கண்ணிற் பட்டது. அவளுக்கு எழுதிய மறுமொழியைச் சற்று விரித்து இங்கே தருகின்றேன். ‘புத்தளக் கரையிலுள்ள நமக்கும் பிராம்ஸுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று முகஞ் சுளிக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். 1807 ஆம் ஆண்டிலே கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்திலே எழுதி, 1859 இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் பெயரோடு உலகின் முன் வைத்தார். மெண்டல்ஸோன் பிறந்தது 1809 இல். ஷொப்பன் பிறந்தது 1810 இல். இம்மூவரும் ஒரு காலத்தவர். நம் புலவர்களை அயலார் அறியவேண்டுமென்று விரும்பிய ஊர், அயலாரின் வித்துவான்களையும் அறிந்துகொள்வதில் இழுக்கொன்றுமில்லை.

பக்கவாத்தியம் அன்று

ஸொனாட்டா என்பது மூன்று அல்லது நான்கு பகுதிகளாக அமைந்த நீண்ட உருப்படி. செலோ ஸொனாட்டா என்று நாம் சுருக்கமாகச் சொல்வதனால் ஒரு மயக்கம் நேர்கிறது. செலோ வித்துவான் பாடகர் போலவும், பியானோ வாசிப்பவர் பக்கவாத்தியக்காரர் போலவும் நமக்குத் தோன்றிவிடுகிறது. உண்மை வேறு. பிராம்ஸ் தம் முதல் ஸொனாட்டாவுக்கு இட்ட தலைப்பே ‘பியானோவுக்கும் செலோவுக்கும்’ என்பது. பியானோதான் முதலில் நிற்கிறது. அது வெறுந்துணையாக ஒதுங்கி நிற்றல் கூடாது, முன்னின்று வழிநடத்தவும் வேண்டும், கூடவே மற்றவரைக் கவனித்து நடக்கவும் வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

இதனை நன்றாக விளங்கிக்கொள்ள விரும்புபவர் கரைவலை இழுப்பதை நினைத்துக்கொள்ளலாம். வள்ளம் ஒரு கயிற்றின் தலைப்பைக் கரையில் விட்டுக் கடலைச் சுற்றி வலைவிட்டு, மறு கயிற்றோடு தூரத்திலே கரைசேரும். இரு கூட்டத்தார் இரு கயிற்றையும் இழுப்பர். தொடக்கத்தில் அவர்களுக்கிடையே நெடுந்தூரம். இழுக்க இழுக்க இருபாலாரும் ஒருவரையொருவர் நெருங்கி வருவர். ஒரு பக்கத்தார் பலசாலிகள் என்று விரைந்து இழுத்தால் வலை கோணும். மடியிலே சேரவேண்டிய மீன் வெளியேறிவிடும். அதனாலேதான் உடப்புக் கரையிலே அம்பாப் பாட்டுப் பிறந்தது. இருபுறத்துக் கைகளையும் ஒரே தாளத்திலே கட்டுவது அது. சில கரைகளிலே இயந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளிலும் அந்தத் தாளத்தின் பொருள் மாறிவிடவில்லை. ஸொனாட்டாவும் இரு கயிற்று வலையே. ஆதலால், ‘என்னால் இதை வாசிக்க முடியுமா?’ என்பது பாதிக் கேள்வி. ‘எங்களால் இதை வாசிக்க முடியுமா?’ என்பதே முழுக் கேள்வி.

கண்முன் நிற்பவை

இனி, எடுக்கத்தக்கவை எவை என்று பார்ப்போம். செலோவும் பியானோவும் சரிநிகராக உரையாடும் முறைக்குப் பெருவழி வகுத்தவர் பீத்தோவன். 1808 இல் அவர் இயற்றி முடித்த மூன்றாவது ஸொனாட்டா, துணையேதுமின்றிச் செலோவின் குரலோடு மட்டுமே தொடங்குகிறது. அதன்பின் வந்த நூறாண்டிலே, உணர்ச்சிப் பெருக்கை முதன்மையாகக் கொண்ட ரொமாண்டிக் காலத்தவர்கள் அவ்வழியை அகலமாக்கினர்.

மெண்டல்ஸோனின் இரண்டாவது ஸொனாட்டா 1843 இல் வெளிவந்தது. உற்சாகம் ததும்பும் உருப்படி. அதன் மூன்றாம் பகுதியிலே பியானோ தேவாலயத்துக் கீதம் போன்ற சுரக்கூட்டங்களை மெல்ல விரித்துச் செல்ல, செலோ ஒரு தனிக்குரலாக எழுந்து வேண்டுகிறது. கேட்பவருக்குச் சிரமம் இல்லை. பியானோ வாசிப்பவரின் விரல்களுக்கோ ஓய்வில்லை.

ஷொப்பனின் ஸொனாட்டா 1846, 1847 ஆம் ஆண்டுகளிலே உருவானது. பியானோவுக்கென்றே வாழ்ந்த அவர், செலோ வித்துவானாகிய தம் நண்பர் ஃபிரான்ஷொம்முக்காக மிகவும் பாடுபட்டு, எழுதியெழுதித் திருத்தி இதனை அமைத்தார். 1848 பெப்ரவரி 16 ஆம் நாள், பாரிஸ் நகரிலே தாம் நிகழ்த்தியவற்றுள் கடைசியான கச்சேரியில் அந்த நண்பருடன் இதனை வாசித்தபொழுது, முதற்பகுதியை விட்டுவிட்டு எஞ்சிய மூன்றை மட்டுமே வாசித்தார். முதற்பகுதி நீண்டது, பின்னல்கள் நிறைந்தது, முன்னர் கேட்ட நண்பர்கள் சிலருக்கே அது எளிதிற் பிடிபடவில்லை. இன்று நாம் நான்கு பகுதிகளையும் சேர்த்தே கேட்கிறோம், அதுவே முறை. ஆயினும் இயற்றியவரே தம் சபையை எண்ணிப் பார்த்துத் தேர்ந்தார் என்பது, தேர்வு செய்யும் எவருக்கும் ஒரு பாடம்.

பிராம்ஸின் முதல் ஸொனாட்டா 1862 இல் தொடங்கி 1865 இல் முடிவுற்றது. மூன்றே பகுதிகள், ஏறத்தாழ 25 நிமிடம். செலோவின் தடித்த தந்தியிலே, அடிக்குரலிலே, துயரத்தை அடக்கிக்கொண்டு பேசுபவர் போலத் தொடங்கும். கடைசிப் பகுதி, பாஹின் பழைய முறையைப் பின்பற்றி, ஒரு குரலை மற்றொரு குரல் துரத்திச் செல்லும் அமைப்பு. இங்கே ஓர் அபாயமுண்டு. பியானோ சற்றே உரத்துவிட்டால் செலோவின் அடிக்குரல் மூழ்கிப்போகும். இதனைக் காணிக்கையாகப் பெற்ற கான்ஸ்பாகர் என்பவர் சங்கீத ஆசிரியர். தொழில்முறைச் செலோக்காரர் அல்லர். ஒருமுறை பிராம்ஸோடு வாசிக்கையில், “என் வாசிப்பு எனக்கே கேட்கவில்லை” என்று அவர் முறையிட, “நீர் பாக்கியசாலி” என்று பிராம்ஸ் சொல்லி மேலும் ஓங்கி வாசித்தார் என ஒரு கதை வழங்குகிறது. கதை சிரிப்பதற்கு, மேடையிலே அது நடந்தால் அழுகைதான்.

பிராம்ஸின் இரண்டாவது ஸொனாட்டா 1886 கோடையிலே சுவிட்சர்லாந்தின் தூன் ஏரிக்கரையில் இயற்றப்பட்டது. பேரொலியுடைய ஹவுஸ்மன் என்னும் வித்துவானை நினைந்து எழுதப்பட்டமையால், செலோ எடுத்த எடுப்பிலேயே உயரத்திற் பாய்கிறது. பியானோ அலைபோல் அதிர்கிறது. தோளிலும் புயத்திலும் வலு வேண்டும். நோர்வே நாட்டவரான க்ரீக், செலோ வாசிக்கும் தம் தமையனுக்குக் காணிக்கையாக்கிய ஸொனாட்டா 1883 இல் வந்தது. அதிலே நாட்டுப்புறத்தின் காற்று வீசுகிறது. முதல்முறை கேட்பவரையும் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும்.

இவற்றின் கடைசியில் நிற்பது 1901 இல் ரக்மானினோஃப் இயற்றியது. 1897 இலே தம் முதற் சிம்பனி தோல்வியுற்றதனால் மனமொடிந்து, பின்னர் மருத்துவர் ஒருவரின் உதவியால் தேறியெழுந்த காலத்தின் படைப்பு. நான்கு பகுதிகள், அரை மணிக்கும் மேற்பட்ட நேரம். அதன் மூன்றாம் பகுதியைக் கேட்டு மனம் கரையாதவர் அரியர். ஆனால் தாமே பியானோவிற் பெருவித்துவானாகிய ரக்மானினோஃப், அகன்ற தம் கைகளுக்குப் பொருந்துமாறு பியானோவின் பங்கை எழுதினார். இனிய இராகங்களிற் பலவற்றைப் பியானோவே முதலிலே எடுக்கிறது. செலோ அதன்பின் பாடுகிறது. என் மாணவி ஆசைப்பட்டது இதனையே. அவளுடைய ஆசையின் பாரம் முழுவதும், வேலை முடிந்து மாலையிலே களைத்து வீடு திரும்பும் அந்தத் தோழியின் பத்து விரல்களிலே விழுகிறது.

தோழியைக் கேட்டீரா?

ஆகவே மறுமொழியில் நான் எந்த உருப்படியையும் சிபாரிசு செய்யவில்லை. “உம் தோழியின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போம். ரக்மானினோஃபையும் பிராம்ஸின் முதலாவதையும் எடுத்துச் செல்லும். இரண்டையும் மெதுவாக, பிழைகளைப் பொருட்படுத்தாது, இருவரும் சேர்ந்து ஒருமுறை வாசித்துப் பாரும். பின்னர் அவளைப் பேசவிடும்” என்று மட்டும் எழுதினேன். அவ்வாறே செய்தார்கள். தோழி அன்றுதான் வாய் திறந்திருக்கிறாள். ரக்மானினோஃபுக்குத் தனக்கு ஓராண்டு வேண்டுமென்றும், நட்புக்கு ஊறு வந்துவிடுமோ என்று அஞ்சி இதுவரை சொல்லாதிருந்ததாகவும் சொன்னாளாம். முதலிலே பீத்தோவன், இடைவேளைக்குப் பின் பிராம்ஸின் முதலாவது என்று இருவரும் முடிவுசெய்தனர். ரக்மானினோஃப் அடுத்த ஆண்டுக்கு. ஆசையைக் கைவிடவில்லை, அதற்கு ஒரு நாள் குறித்திருக்கிறார்கள். இதிலே எவருக்கும் தோல்வியில்லை.

“பிராம்ஸ் அம்மம்மாவுக்கு விளங்குமா?” என்று அவள் கேட்டிருந்தாள். அம்பாவும் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு எழுபது ஆண்டு வாழ்ந்த செவிக்கு, அடக்கிய துயரம் எந்தத் தேசத்ததாயினும் விளங்கும் என்றே நான் நம்புகிறேன். விரல்களின் வேகத்தைக் கண்டு வியக்க அந்த அம்மையார் இவ்வளவு தூரம் பயணம் செய்யவேண்டியதில்லை.

பயிலும் முறை

தேர்வு முடிந்ததும் சாதகம். இங்கே நான் கேட்டும் கண்டும் அறிந்தவற்றுள் முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

பியானோ வாசிப்பவரின் சுரப்பிரதியிலே இருவர் பங்கும் அச்சாகியிருக்கும். செலோவின் பங்கு மேலே, பியானோவின் பங்கு கீழே. செலோக்காரரின் பிரதியிலோ அவருடைய பங்கு மட்டுமே இருக்கும். ஆகவே பியானோக்காரர் எப்பொழுதும் இருவரையும் காண்கிறார். செலோக்காரர் தம்மை மட்டுமே காண்கிறார். இக்குறையைத் தீர்க்க ஒரே வழி, முதல் வாரத்திலே வில்லைத் தொடுமுன், முழுப்பிரதியை வாங்கி வாசிப்பதுதான். எங்கே தாம் பேசுகிறோம், எங்கே மற்றவர் பேசத் தாம் தலையசைக்கிறோம் என்பது அப்பொழுதே தெரிந்துவிடும்.

அடுத்தது, விரல் வைக்கும் இடத்தையும் வில்லின் போக்கையும் முன்கூட்டியே தீர்மானித்துப் பென்சிலாற் குறித்துக்கொள்ளுதல். நாளுக்கொரு விரல் மாற்றுபவருக்கு மேடையிலே எந்த விரலும் கைகொடாது. உயர்ந்த ஸ்தாயியிலே செலோக்காரர் இடக்கைப் பெருவிரலையும் தந்தியின்மேல் கிடத்தி வாசிக்கவேண்டும். அவ்விடங்களை மிக மெதுவாக, ஒவ்வொரு சுரத்தையும் செவியால் நிறுத்துப் பார்த்துப் பயிலவேண்டும். நம் வித்துவான்கள் முதற்காலத்திலே சாதகம் செய்து பின் இரண்டாங் காலத்துக்கு ஏறுவது எதற்காகவோ, அதற்காகவேதான் இதுவும்.

மூன்றாவது, இருவரும் கூடிப் பயிலுதலைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவையாமை. தனித்தனியே முழுமை பெற்றபின் கூடலாம் என்று காத்திருந்தால், இருவரும் இருவேறு உருப்படிகளைக் கற்றவராய் வந்து நிற்பர். மூச்சு விடும் இடங்களை இருவரும் ஒன்றாகவே தீர்மானித்தல் நலம்.

நான்காவது, ஒலியின் அளவு. பிராம்ஸ் வாழ்ந்த காலத்துப் பியானோவை விட இன்றைய பெரிய பியானோ வலிய ஒலியுடையது. ஒருவரை மண்டபத்தின் பின்வரிசையில் இருத்தி, செலோவின் அடிக்குரல் அங்கே கேட்கிறதா என்று சோதிக்கவேண்டும். கேளாவிடில் பியானோவின் மூடியைத் தாழ்த்தலாம். ஆயினும் மூடியை விட, வாசிப்பவரின் செவியே சிறந்த மருந்து.

ஐந்தாவது, நம் நாட்டுக் காற்று. செலோ மரத்தாலும் பசையாலும் ஆனது. ஈரப்பதத்தில் மரம் உப்பும். வெப்பத்தில் பசை இளகி மூட்டுகள் விடும். சுருதி முளைகள் இறுகும். வில்லின் மயிர் தளரும். கடற்காற்றிலே உப்பும் சேர்ந்தால் தந்திகளுக்கும் கேடு. வாசித்து முடிந்ததும் வில்லைத் தளர்த்தி, தந்திகளைத் துடைத்து வைத்தல் வேண்டும். குளிரூட்டிய மண்டபமாயின், சற்று முன்னதாகவே வாத்தியத்தை அங்கே கொண்டுபோய் அந்தக் காற்றுக்குப் பழக்கவேண்டும். பியானோவைச் சுருதி கூட்டியபின், செலோவே அதற்கு இணங்கவேண்டும்; பியானோ அந்த மாலையிலே எவருக்கும் வளைந்து கொடுக்காது.

கடைசியாக, கச்சேரிக்குச் சில நாள் முன், வீட்டார் சிலரை முன்னால் அமர்த்தி, எந்தப் பிழைக்கும் நில்லாமல், தொடக்கம் முதல் முடிவுவரை வாசித்துப் பார்த்தல். ஒவ்வொரு பகுதியும் தெரியும் என்பது வேறு. 25 நிமிடம் தளராது சுமக்க முடியும் என்பது வேறு.

நம் நாட்டார் ஒருவர்

இத்துறையிலே நமக்கு அயலில் முன்மாதிரி இல்லையென்று எவரும் எண்ணவேண்டாம். 1939 இலே இங்கிலாந்தில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்து, கொழும்பிலே வளர்ந்த ரோஹான் த சேரம், சிறுவயதிலேயே இத்தாலிக்குச் சென்று கஸ்பார் கஸாடோவிடம் பயின்றார். பின்னர் உலகப் புகழ் பெற்ற பாப்லோ கசால்ஸிடமும் பாடம் கேட்டார். பியானோ வித்துவானாகிய சகோதரர் துருவி த சேரத்தோடு இணைந்து பல மேடைகளிலே வாசித்தார். 2005 வரை ஆர்டிட்டி நால்வர் குழுவிலே, எவரும் தொட அஞ்சும் புதிய உருப்படிகளை வாசித்துப் பெயர் பெற்றார். 2024 இலே மறைந்தார். அவரிடத்தில் என்னைக் கவர்ந்தது மற்றொன்று. அவர் கண்டி மேளமும் வாசிக்கத் தெரிந்தவர். அந்த மேளத்தின் தாளத்தை அறிந்த இத்தாலிய இசையாளர் பெரியோ, 2002 இல் அவருக்கென்றே இயற்றிய தனிச் செலோ உருப்படியிலே அதனைச் சேர்த்துக்கொண்டார். அதிலே செலோவின் உடலைக் கையாலே தட்டி வாசிக்கவேண்டும். பிறந்த மண்ணின் தாளத்தைக் கையிலே வைத்திருப்பவருக்கு அயலாரின் சங்கீதமும் வழிவிடும் என்பதற்கு இதனை விடச் சான்று வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

இக்கட்டுரை செலோக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் வீடுகளிலும் பிள்ளைகள் வயலினும் வீணையும் மிருதங்கமும் பயில்கிறார்கள். அரங்கேற்றம் வருகிறது, பாடசாலைப் போட்டி வருகிறது. அப்பொழுது பெற்றோராகிய நாம் கேட்கும் முதற் கேள்வி, ‘இருப்பவற்றுள் மிகக் கடினமானது எது?’ என்பதே. பிள்ளையின் மூச்சையும் கையையும் நாம் கேட்பதில்லை. பக்கவாத்தியம் வாசிக்க வரும் மற்றொரு வீட்டுப் பிள்ளையின் பெயரைக்கூட நாம் கேட்பதில்லை. ஆழமறியாமற் காலை விடாதே என்பது கரையோரத்தில் வாழும் நமக்கு எவரும் சொல்லித் தரவேண்டிய பழமொழி அன்று. ஆயினும் பிள்ளையின் கையைப் பிடித்து மேடையேற்றும் அவசரத்திலே அதனை மறந்துவிடுகிறோம்.

கடினமான உருப்படிகள் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அவை இல்லையேல் கலை வளராது. அவற்றுக்குரிய காலத்தைக் கொடுங்கள். உடன் வாசிப்பவரைக் கேட்டபின் நாளைக் குறியுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளை, எந்த வாத்தியத்தை எடுத்தாலும் நன்றாகவே வாசிக்கும்.